காலேஜுக்குப் போகும் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது?

செயலி என்றால் என்ன என்று விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நூறு நாள் வேலைத்தளத்தில் காலையில் ஒரு தடவையும் பிற்பகலில் ஒரு தடவையும் படம் பிடித்துச் செயலியில் ஏற்றினால்தான் ஆஜர் என்று 2023 ஜனவரி முதல் மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. டவர் கிடைக்காத ஏரிக்கரையில் பணித்தளப் பொறுப்பாளர் மேட்டின் மீதேறி நின்று போனை ஆகாயத்துக்கு நேரே தூக்கிப் பிடித்ததை நாம் பார்த்தோம். படம் ஏறவில்லை என்றால், மண் வெட்டியவளின் அன்றையக் கூலிக்கு ஆபத்து. மில் தொழிலாளிக்கும் இது தெரியும். கேட்டில் விரல் ரேகை பதியவில்லையானால், எட்டு மணி நேரம் மிஷினருகே நின்றிருந்தாலும் ஆப்சென்ட்தான்.

அதே செயலி இப்போது வேறு வாசல் வழியாக நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. பிள்ளை காலேஜில் சேர்ந்திருக்கிறான்; பெண் சேர்ந்திருக்கிறாள். பல வீடுகளில் காலேஜ் படியை மிதிக்கும் முதல் கால் அதுதான். பையன் சும்மா கேட்கவில்லை. வகுப்பு அறிவிப்பு போனில் வருகிறது, பீஸ் கட்டச் சொல்வது போனில் வருகிறது, பரீட்சை ஹால் டிக்கெட்டும் போனில்தான் வருகிறது. ஆகவே போனஸ் பணத்தில் வாங்கிக் கொடுத்தவர் உண்டு. தவணைக்கு வாங்கியவர் உண்டு. காதில் கிடந்ததை அடகு வைத்து வாங்கிய தாயும் உண்டு.

வாங்கிக் கொடுத்த பிறகு நாம் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. "இதிலெல்லாம் உனக்கு ஒன்றும் தெரியாதப்பா" என்று பிள்ளை ஒரு தடவை சொல்லிவிட்டால், அத்தோடு வாயை மூடிக்கொள்கிறோம். கூடாது தோழர்களே! தறி ஓட்டத் தெரியாத முதலாளி தறியின் கணக்கு முழுவதையும் கேட்கிறான். நம் ரத்தத்தை விற்று வாங்கிய சாமானைப் பற்றி நாம் கேட்கக் கூடாதா? அதில் எதை ஏற்ற வேண்டும், எதை ஏற்றவே கூடாது என்பதைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறோம். தலையங்கத்தில் எழுத இதுவா விஷயம் என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக் கூடும். அவர்கள் கீழே வரும் சம்பவத்தைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

சென்ற வருஷம் ஸ்பின்னிங் மில் ஒன்றில் கோன் வைண்டிங் பகுதியில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் மகளோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். மகள் பி.எஸ்ஸி. முதல் வருஷம். உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போட்டு எட்டு மாதமாகிறது, ஒரு காசும் வரவில்லை. காலேஜில் கேட்டால் மேலே அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். மேலே கேட்டால் பணம் போட்டாகிவிட்டது என்கிறார்கள். இரண்டாம் செமஸ்டர் பீஸுக்காக அந்தத் தாய் தன் வளையலை விற்றிருந்தார். நம் இளம் தோழர் ஒருவர் பெண்ணின் போனை வாங்கி அரை மணி நேரம் குடைந்து பார்த்தார். விஷயம் வெளியே வந்தது. பணம் வந்துதான் இருந்தது. ஆனால் போன இடம் வேறு. சிம் கார்டு வாங்கும்போது கடைக்காரன் "இங்கே விரலை வை, அங்கே விரலை வை" என்று சொல்லி அந்தப் பெண்ணின் பேரில் இன்னொரு கணக்குத் திறந்திருக்கிறான். ஆதார் எண் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டது. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ, சர்க்கார் பணம் அந்தக் கணக்குக்குத்தான் போகும். வளையல் விற்ற நாளில், அந்தப் பெண்ணின் பணம் அவளுக்கே தெரியாத கணக்கொன்றில் தூங்கிக்கொண்டிருந்தது.

இப்படி நடப்பது புதிதல்ல. 2017 டிசம்பரில், சிம் சரிபார்ப்பு என்ற பேரில் சம்மதமில்லாமல் கணக்குத் திறந்து, சமையல் எரிவாயு மானியம் அதில் போய் விழும்படி செய்தார்கள் என்ற புகாரின் பேரில், பெரிய டெலிபோன் கம்பெனி ஒன்றின் ஆதார் சரிபார்ப்பு அனுமதியை ஆதார் ஆணையமே தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அப்போதே பத்திரிகைகளில் வந்த செய்திதான்.

ஆகவே புதுப் போனில் பிள்ளை முதன்முதலாகச் செய்ய வேண்டியது சினிமாப் பாட்டு இறக்குவதில்லை. ஆதார் ஆணையத்தின் இணையதளத்துக்குள் போய், தன் ஆதார் எந்தப் பாங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பைசா செலவில்லை. ஆதாரோடு சேர்த்த போன் நம்பர் மட்டும் கையில் இருக்க வேண்டும். கணக்கு தவறாக இருந்தால், சரியான பாங்கிக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு உபகாரச் சம்பளம். மத்திய சர்க்கார் திட்டங்களுக்குத் தேசிய உபகாரச் சம்பள இணையதளம் ஒன்று இருக்கிறது. ராஜ்ய சர்க்கார் உதவிகள் காலேஜ் வழியாக, மாணவனுக்கென்று கொடுக்கப்படும் யு.எம்.ஐ.எஸ். நம்பரை வைத்து நடக்கின்றன. சர்க்கார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்கு மாதம் ரூ. 1000 கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. எந்தக் கட்சி சர்க்கார் போட்ட திட்டம் என்பது இங்கே கேள்வியில்லை. தீப்பெட்டி வரை நாம் கட்டிய வரிப் பணம் அது. கேட்டு வாங்க வேண்டியது நம் பாத்தியதை.

அடுத்தது சான்றிதழ்கள். நம் வீடுகளில் மார்க்ஷீட் இருக்கும் இடம் எது? தகரப் பெட்டியின் அடியில், அல்லது கூரைச் சந்தில் சொருகிய பிளாஸ்டிக் பையில். ஒரு மழைக்கு அத்தனையும் போயிற்று. 2015ம் ஆண்டு மத்திய சர்க்கார் தொடங்கிய டிஜிலாக்கர் என்ற செயலி இதற்காகவே இருக்கிறது. ஆதார் அட்டையையும் பிளஸ்-டூ மதிப்பெண் பட்டியலையும் அதை வழங்கிய இலாகாவிடமிருந்தே அதில் நேரடியாக இறக்கிக்கொள்ளலாம். அப்படி இறக்கியது சட்ட விதிகளின்படி அசலுக்குச் சமம். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும். நாமே படம் பிடித்து அந்தச் செயலியில் போட்டு வைப்பது வெறும் நகல்தான். இலாகா கொடுத்ததுதான் அசல் மாதிரி செல்லும்.

இதோடு இன்னொன்றையும் சொல்லி வைக்கிறோம். சேரும்போது சரிபார்க்க வாங்கிய அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தராமல் காலேஜ் நிர்வாகங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. பண்ணையாளிடம் கைநாட்டுப் பத்திரத்தை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிய மிராசுதாரின் புத்தி சில தாளாளர்களுக்கு இன்னும் போகவில்லை. கேளுங்கள்.

சான்று வேலைக்கு இன்னொரு சின்ன உதவி, காகிதத்தை ஸ்கேன் செய்யும் வசதி. ஜெராக்ஸ் கடைக்கு ஓட வேண்டாம். அண்ணன்மார் பலர் கேம்ஸ்கேனர் என்பதைச் சொல்லிக் கொடுப்பார்கள். அது 2020 ஜூனில் மத்திய சர்க்கார் தடை செய்த 59 சீனச் செயலிகளில் ஒன்று. கூகிள் டிரைவிலேயே ஸ்கேன் செய்யும் வசதி இலவசமாக இருக்கும்போது, வேறு எங்கோ கிடைக்கும் திருட்டுப் பிரதியை ஏற்ற வேண்டிய அவசியமென்ன?

இனி படிப்புக்கு வருவோம். இங்கேதான் நம் பிள்ளைகளின் தொண்டை அடைக்கிறது. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்து, கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பிள்ளை, காலேஜ் வகுப்பில் முதல் நாள் ஒரு மணி நேரம் கேட்டும் ஒன்றும் புரியாமல் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறது. டவுன் கான்வென்ட்டில் படித்தவன் பதில் சொல்கிறான். "எனக்கு மூளையில்லை போலிருக்கிறது" என்று நம் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. மூளைக்கு என்ன குறை? பாஷைதான் தடை. முதல் செமஸ்டரிலேயே காலேஜை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

இந்தத் தடையைத் தாண்டப் போன் உண்மையாகவே உதவும். கூகிள் மொழிபெயர்ப்பில் 2011ம் ஆண்டிலிருந்து தமிழ் இருக்கிறது. புத்தகப் பக்கத்தை போன் காமிராவால் காட்டினால் இங்கிலீஷ் வரிக்கு மேலேயே தமிழ் தெரிகிறது. தமிழ் சில இடங்களில் கண்ணராவியாகத்தான் இருக்கும். ஆனாலும் பாதை தெரியும். தமிழை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டால், நெட் இல்லாத ஊரிலும் வார்த்தைக்கு அர்த்தம் பார்க்கலாம். ஆசிரியர் அனுமதித்தால் பாடத்தை போனிலேயே ஒலிப்பதிவு செய்துகொண்டு இரவில் இரண்டு தரம் கேட்கலாம். மூன்று மாதம் இப்படிச் செய்த பிள்ளை கை தூக்கிக் கேள்வி கேட்கத் தொடங்கும். ஆனால் கேள்வியைத் தட்டினால் கட்டுரையே எழுதிக் கொடுக்கும் செயற்கை அறிவுச் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. புரியாததை விளக்கச் சொல்லிக் கேட்பது வேறு, அது எழுதியதை அப்படியே காப்பியடிப்பது வேறு. காப்பியடிப்பவன் அடுத்தவனை வைத்துத் தண்டால் எடுக்கச் செய்கிறான்.

டியூஷன் கம்பெனிகளின் விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் என்று தவணை போட்டுத் தலையில் கட்டும் பாடங்களைவிட மேலானவை இலவசமாகவே இருக்கின்றன. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003ல் என்.பி.டி.இ.எல். என்று தொடங்கின. என்ஜினீயரிங், கணிதம், பௌதிகம், பொருளாதாரம் என்று முழு முழுப் பாடங்களை அந்தப் பேராசிரியர்களே நடத்துகிறார்கள். 2017ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஸ்வயம் செயலியிலும் இவை கிடைக்கின்றன. ஐ.ஐ.டி. வாசலை மிதிக்க முடியாத நம் பிள்ளை அங்கே நடக்கும் பாடத்தைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கலாம். கேட்பதற்குக் காசில்லை, பரீட்சை எழுதிச் சான்று வாங்குவதாக இருந்தால்தான் கட்டணம். 2021ம் ஆண்டு விதிகளின்படி, காலேஜ் ஏற்றுக்கொண்டால், ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவிகிதம் வரை ஸ்வயம் மூலம் படித்து மார்க்காக்கிக்கொள்ளவும் வழியிருக்கிறது. புத்தகங்களுக்குக் கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகமும், தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் இருக்கின்றன. அந்தத் தமிழ் நூலகத்தில் பழைய பத்திரிகைகளும் கிடைக்கும். வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டலாம்.

பெரியவர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. உமங் என்ற சர்க்கார் செயலியில் பி.எப். பாஸ் புத்தகம் பார்க்கலாம். மகனை விட்டு அதைத் திறக்கச் சொல்லுங்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணத்தை மில்காரன் கட்டியிருக்கிறானா இல்லையா என்று தெரிந்துபோகும். பிள்ளையின் போனால் தகப்பனுக்கு வரும் முதல் லாபம் இதுவாகக்கூட இருக்கலாம்!

இதுவரை ஏற்ற வேண்டியவை. இனி ஏற்றக் கூடாதவை.

பிள்ளைகள் செயலியை 'ஆப்' என்கிறார்கள். நம் ஊரில் ஆப்பு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அர்த்தத்துக்குப் பொருத்தமாகவே கடன் கொடுக்கும் செயலிகள் வந்திருக்கின்றன. ஹாஸ்டலில் இருக்கும் பையனுக்கு அவசரமாக மூவாயிரம் தேவை. வீட்டில் கேட்கக் கூச்சம். போனில் விளம்பரம் வருகிறது: ஐந்தே நிமிஷத்தில் கடன், ஜாமீன் வேண்டாம். பிள்ளை பொத்தானை அழுத்துகிறது. மூவாயிரம் என்பான்; பிடித்தம் போகக் கையில் வருவது இரண்டாயிரம் சொச்சம். ஏழாம் நாள் முழு மூவாயிரம் கட்டு என்பான். கட்ட இன்னொரு செயலி, அதைக் கட்ட மூன்றாவது. செயலியை ஏற்றும்போதே போனில் இருக்கும் அத்தனை நம்பர்களையும் படங்களையும் உறிஞ்சிக்கொண்டிருப்பான். எட்டாம் நாள் பெண்ணின் படத்தை ஆபாசமாக ஒட்டு வேலை செய்து, மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் காலேஜ் ஆசிரியருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டுவான். வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து வசூலித்த பழைய தண்டல்காரன்கூடத் தெருவோடு நிறுத்திக்கொண்டான். இவன் ஊரையே கூட்டுகிறான். மானத்துக்கு அஞ்சி உயிரை விட்ட பிள்ளைகள் உண்டு என்பதை நினைக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது.

ரிசர்வ் பாங்கி அமைத்த குழு 2021ல் கணக்கெடுத்தபோது, சுமார் 1,100 கடன் செயலிகள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 600 சட்ட விரோதமானவை. அதாவது பாதிக்கு மேல் திருட்டுக் கடை! அதன் பிறகு 2022 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி விதிகள் போட்டது. கடன் பணம் வாங்குபவரின் பாங்கிக் கணக்குக்கே நேரடியாக வர வேண்டும். வருஷ வட்டி மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும். போனில் இருக்கும் நம்பர்களையும் படங்களையும் செயலி தொடவே கூடாது. 2025 ஜூலையிலிருந்து முறையான கடன் செயலிகளின் பட்டியலையும் ரிசர்வ் பாங்கி தன் இணையதளத்தில் வெளியிட்டது. ஒரு கடன் செயலி நம்பர்களைப் பார்க்க அனுமதி கேட்கிறதா? அந்த ஒன்றே போதும், அது திருடன் என்று தெரிந்துகொள்ள. டார்ச் லைட் செயலிக்கு உன் மாமாவின் நம்பர் எதற்கு என்று கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சீட்டாட்டச் செயலிகளும் இந்த ஜாதிதான். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் சட்டம் போட்டது. சட்டம் வந்துவிட்டதால் திருட்டு வாசல் மூடிவிட்டதென்று நம்பி ஏமாற வேண்டாம். "உன் பாங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் ஒரு மாதம் கொடு, ஐயாயிரம் தருகிறோம்" என்று காலேஜ் வாசலில் வலை வீசுபவர்களும் இருக்கிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும். போலீஸ் வரும்போது கையில் விலங்கு நம் பிள்ளைக்குத்தான்.

போனில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை 2016ல் வந்தது. இன்று டீக்கடை வரை பரவியிருக்கிறது. அதில் ஒரே ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பணம் அனுப்புவதற்குத்தான் ரகசிய நம்பர் வேண்டும். பணம் பெறுவதற்கு எந்த நம்பரும் போடத் தேவையில்லை. "உபகாரச் சம்பளம் வந்திருக்கிறது, ரகசிய நம்பரை அழுத்து" என்று எவன் சொன்னாலும் அவன் மோசடிக்காரன். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால், போன பணத்தை வழியிலேயே முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை மாட்டிக்கொண்டு வந்து சொன்னால் கையை ஓங்காதீர்கள். அடிக்குப் பயந்துதான் பிள்ளைகள் இரண்டாவது செயலிக்கும் மூன்றாவது செயலிக்கும் போகின்றன. பதினெட்டு வயதுப் பிள்ளை கோடீஸ்வரத் திருடர்களிடம் ஏமாந்தது குற்றமென்றால், சீட்டுக் கம்பெனியிலும் ஈமு கோழியிலும் ஏமாந்த நாம் எந்த முகத்தோடு அடிப்பது?

பெண் பிள்ளைகளை ஹாஸ்டலுக்கு அனுப்பியவர்கள் காவல் உதவி என்ற போலீஸ் செயலியை ஏற்றச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி நம்பர் 181. ராகிங் செய்தால் 1800-180-5522 என்ற நம்பருக்கு இரவு பகல் எந்நேரமும் சொல்லலாம், பேச இலவசம். இந்த நம்பர்களைப் போனில் ஏற்றுவதோடு ஒரு காகிதத்திலும் எழுதி வைக்கட்டும். பாட்டரி தீர்ந்த போன் வெறும் கண்ணாடிச் சில்லு.

இத்தனையும் இலவசம் இலவசம் என்று எழுதுகிறோமே, நெட்டுக்கு யார் காசு கொடுப்பது? 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்று கம்பெனிகளும் ஓரிரண்டு நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏற்றின. 28 நாளைக்கு ரூ. 239 ஆக இருந்த ஜியோ திட்டம் ஒரே நாளில் ரூ. 299 ஆயிற்று. பஞ்சாலைத் தொழிலாளி அறுபது ரூபாய் சம்பள உயர்வு கேட்டால் எத்தனை மாதம் பேச்சுவார்த்தை, எத்தனை கேட் மீட்டிங்! இவர்களுக்கு ஒரு அறிவிப்பு போதும். பொதுத்துறை பி.எஸ்.என்.எல். அப்போது கட்டணத்தை ஏற்றவில்லை. ஆனால் அதற்கு நல்ல அலைவரிசையும் டவரும் காலத்தில் கிடைக்காமல் முடக்கி வைத்தவர்கள் யார் என்பதும் ஜனங்களுக்குத் தெரியும்.

2019 செப்டம்பரில் கேரள ஹைகோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு காலேஜ் மாணவி, மாலை 6 மணி முதல் 10 மணி வரை போனை ஒப்படைக்க வேண்டும் என்ற ஹாஸ்டல் விதியை ஏற்க மறுத்தார், வெளியே அனுப்பினார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். இணையத்தை அடையும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று கூறி, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கோர்ட் உத்தரவிட்டது. உரிமை என்றால் காசுள்ளவனுக்கு மட்டும் உரிமையா? சர்க்கார் காலேஜ்களிலும் ஹாஸ்டல்களிலும் மாணவர்களுக்கு இலவச வைபை வேண்டும், ஒவ்வொரு ஊராட்சி நூலகத்திலும் வேண்டும் என்று மாணவர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டும். அது வரும்வரை, ஒரு மணி நேரப் பாடத்தை உயர்ந்த தரத்தில் பார்த்தால் 1 ஜி.பி. அளவுக்குக் கரைந்துவிடும் என்பதைப் பிள்ளைகள் நினைவில் வைத்துக் குறைந்த தரத்தில் பார்க்கட்டும். காலேஜில் வைபை இருந்தால் அங்கேயே இறக்கிக்கொண்டு வரட்டும்.

மில் கேட்டிலும் விவசாயத் தொழிலாளர் கிளைகளிலும் நம் தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். காலேஜ் திறந்த முதல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தைக் காலை முதல் திறந்து வையுங்கள். இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் படிக்கும் பிள்ளைகள் இருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் போனோடு வரட்டும்; ஆதார் எந்தக் கணக்கில் நிற்கிறது, உபகாரச் சம்பள மனு எந்த நிலையில் இருக்கிறது, எந்தத் திருட்டுச் செயலி உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். தாய் தகப்பனும் கூட வர வேண்டும். வரும்போது ஆதார் அட்டை, பாங்கிப் பாஸ் புத்தகம், ஆதாரோடு சேர்த்த நம்பர் உள்ள போன் மூன்றையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.